ஓர்சாவின் சாணைக்கல்லும் ஒரு முன்னோரின் மரணமும்

ஸ்வீடனில் தங்கள் முன்னோரைத் தேடுகிறவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து 1930 வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்த நாட்டைவிட்டு வட அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். அவர்களுடைய கொள்ளுப்பேரர்களும் எள்ளுப்பேரர்களும் இன்று அந்தப் பழைய பதிவேடுகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். தேடுவதற்கு அவ்வளவு வசதியான நாடு வேறொன்று இருப்பது அரிது. ஏடுகள் பெரும்பாலும் அழியாமல் இருக்கின்றன. அவற்றின் படங்களை ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகம் 2018 முதல் கட்டணமில்லாமல் பார்க்கக் கொடுக்கிறது. பொறுமை இருந்தால் ஏழு, எட்டுத் தலைமுறைகள்வரை ஏறிப்போக முடியும். ஆனால் இத்தனை வசதியும் ஒரு தவறான நம்பிக்கையை ஊட்டிவிடுகிறது. பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளும் கிடைத்துவிட்டால் ஆளே கிடைத்துவிட்டதாக நினைத்துவிடுகிறோம். அந்த முன்னோர் உயிருக்கு ஆபத்தான தொழில் ஒன்றைச் செய்தவர் என்றால், அந்தத் தொழிலே அவரை மெல்ல மெல்லக் கொன்றிருந்தால், அவருடைய பெயர் உள்ள வரியில் அதற்கான தடயம் பெரும்பாலும் இருக்காது. தடயம் வேறு வரிகளில் இருக்கும்: அவருடைய மனைவியின் வரியில், அடுத்த வீட்டுக்காரரின் வரியில், பக்கத்து ஊரின் இறப்பு ஏட்டில். அப்படிப்பட்ட முன்னோரைத் தேடுகிறவர் தன் வம்சக் கொடியை மட்டும் பிடித்துக்கொண்டு மேலே ஏறினால் போதாது, ஊரையே படிக்க வேண்டும் என்பதுதான் இன்று நான் நிறுவ முயலும் வாதம். அதற்கு நான் எடுத்துக்கொள்ளும் இடம் மத்திய ஸ்வீடனில் தாலர்னா மாகாணத்திலுள்ள ஓர்சா. தொழில், சாணைக்கல் வெட்டுவது.

முதலில் அந்தப் பதிவேடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1686-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், ஞானஸ்நானம், திருமணம், அடக்கம், குடிபெயர்ச்சி ஆகியவற்றை ஒவ்வொரு பங்கின், அதாவது திருச்சபை வட்டாரத்தின், போதகரும் எழுதிவைக்க வேண்டும் என்று விதித்தது. இவை தவிர, வீடுவீடாக நடந்த ஒரு தேர்வின் பதிவேடும் உண்டு. போதகர் ஒவ்வொரு குடும்பத்தையும் கூப்பிட்டு, வாசிக்கத் தெரிகிறதா, லூத்தரின் சிறிய ஞானோபதேசம் மனப்பாடமாக இருக்கிறதா என்று சோதித்து மதிப்பிடுவார். நம் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழாக்கினாரே, அதே ஞானோபதேசம்தான். அந்த ஏட்டின் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்றால், இடப்புறம் பண்ணையின் பெயர், அதன் கீழே குடும்பத் தலைவர், மனைவி, பிள்ளைகள், வேலையாட்கள், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. பெயருக்கு எதிரே பிறந்த நாள், பிறகு தேர்வுக்கான சின்னச் சின்னக் கட்டங்கள், அவற்றில் போதகரின் குறியீடுகள். திருவிருந்துக்கு வந்த நாட்கள் ஒரு பக்கம், அம்மை கண்டதா என்ற குறிப்பு ஒரு பக்கம். ஒருவர் இறந்தாலோ வேறு பங்குக்குப் போனாலோ அவர் பெயரின்மேல் ஒரு கோடு இழுபடும். புதிதாக வந்தவர், இடமிருக்கிற வரியில் ஏறிக்கொள்வார். ஒரே பக்கத்தைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியதால் கோடுகளும் திருத்தங்களும் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஒரு வீட்டின் பல ஆண்டு வாழ்க்கையை இப்படி ஒரே பார்வையில் காட்டும் ஆவணம் வேறெந்த நாட்டில் இவ்வளவு பரவலாகக் கிடைக்கும் என்று தெரியவில்லை. இதைத் தனி மனிதரின் முகவரிச் சீட்டாக மட்டும் பயன்படுத்துவது அந்த ஏட்டுக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்வீடனில் ஆபத்தான தொழில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுரங்கம். அதே தாலர்னாவில் ஃபாலுன் என்ற ஊரில் இருந்த செம்புச் சுரங்கம் 17-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் செம்பில் மூன்றில் இரண்டு பங்குவரை கொடுத்தது. அங்கே மரணம் ஓசையோடு வந்தது. 1687-ஆம் ஆண்டு நடுக்கோடைத் திருநாளன்று சுரங்கத்தின் பெரும்பகுதி இடிந்து விழுந்தது. விடுமுறையாக இருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1677-இல், மாட்ஸ் இஸ்ரேல்சன் என்ற இளைஞர் சுரங்கத்துக்குள் போனவர் திரும்பவே இல்லை. 1719-இல், நீர் நிறைந்திருந்த ஒரு பழைய சுரங்கப் பகுதியில் அவருடைய உடல் அழுகாமல் அப்படியே கிடைத்தது. அந்த நீரில் கரைந்திருந்த துத்தம் உடலைக் காத்து வைத்திருந்தது. அது யாருடைய உடல் என்று யாருக்கும் தெரியவில்லை. 42 ஆண்டுகளுக்கு முன்பு அவருக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த மார்கரேத்தா ஊல்ஸ்டோட்டர், அப்போது வயதான பெண்மணி, வந்து பார்த்து அடையாளம் சொன்னார். அந்த உடல் நெடுங்காலம் காட்சிப்பொருளாக இருந்து, கடைசியாக 1930-இல்தான் மண்ணுக்குள் அமைதியாகப் போனது. ஐரோப்பியக் கவிஞர்களும் கதைஞர்களும் இதைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அதன் சான்றியல். சுரங்கத்துக்கு நிறுவனம் இருந்தது, மேற்பார்வையாளர்கள் இருந்தார்கள், கணக்குகள் இருந்தன. அப்படியிருந்தும் இறந்தவரை அடையாளம் காட்டியது அவரோடு வாழவிருந்த பெண். கல்லும் மண்ணும் சரிந்து கொல்லும் இடத்திலேயே இதுதான் நிலைமை என்றால், தூசியால் இருபது ஆண்டுகளில் கொல்லும் தொழிலில் தடயம் எவ்வளவு மங்கலாக இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

ஓர்சா, சில்யான் ஏரிக்கு வடக்கே இருக்கிறது. ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அந்த இடத்தில் ஒரு பெரிய விண்கல் விழுந்தது. அதன் வடு இன்றும் வளையமாக இருக்கிறது, சில்யான் ஏரியும் ஓர்சா ஏரியும் அந்த வளையத்தில்தான் கிடக்கின்றன. சுற்றுவட்டாரமெல்லாம் பழமையான கடும்பாறை. வளையத்தின் தாழ்ந்த பகுதியில் மட்டும், மற்ற இடங்களில் அரித்துப்போய்விட்ட மணற்கல் தப்பிப் பிழைத்தது. அந்தச் செந்நிற மணற்கல்லில்தான் ஓர்சாக்காரர்கள் சாணைக்கல் செய்தார்கள். கோடரியும் அரிவாளும் கத்தியும் இல்லாமல் ஒரு பண்ணை நடக்காது, சாணை பிடிக்காமல் இவை ஒன்றும் வெட்டாது. ஆகவே நாடெங்கும் பண்ணை முற்றங்களில் ஒரு சாணைக்கல் நின்றது. பாறையை ஆப்பு வைத்துப் பலகையாகப் பிளப்பது, அதில் வட்டம் வரைவது, ஓரங்களைக் கொத்தி வட்டமாக்குவது, இரு முகங்களையும் உளியால் சமப்படுத்துவது, நடுவில் அச்சுக்குச் சதுரத் துளை போடுவது என்று வேலை நீளும். சாணை பிடிக்கிறவர் கல்லின் அடிப்பாகம் நீரில் தோய்ந்து சுழலும்படி வைப்பார், தூசி பறக்காது. கல்லைச் செய்கிறவர் உலர்ந்த கல்லைக் கொத்துகிறார். ஒவ்வொரு கொத்துக்கும் மிக நுண்ணிய தூசி அவர் முகத்துக்கு நேரே எழும். ஒரே பொருள், வாங்கியவருக்குக் கருவியாகவும் செய்தவருக்கு நஞ்சாகவும் இருந்தது.

இந்த நஞ்சை முதலில் எழுத்தில் வைத்தவர்களில் ஒருவர் லின்னேயஸ். தாவரங்களுக்குப் பெயரிட்டவர் என்றுதான் நமக்கு அவரைத் தெரியும். 1734-ஆம் ஆண்டு கோடையில், 27 வயது இளைஞராக, தாலர்னா ஆளுநரின் வேண்டுகோளின்பேரில் சில மாணவர்களோடு அந்த மாகாணத்தைச் சுற்றிவந்தார். ஓர்சாவில் சாணைக்கல் வெட்டுபவர்கள் இளவயதிலேயே மார்பு நோய் கண்டு இறப்பதையும், கல்தூசியை மூச்சோடு இழுப்பதே அதற்குக் காரணம் என்பதையும் அவர் குறித்துவைத்தார். அந்தப் பயண ஏடு அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. இன்று இந்த நோயை நாம் சிலிக்கோசிஸ் என்கிறோம். மணற்கல்லின் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்னும் சிலிகா. அதன் மிக நுண்ணிய துகள் நுரையீரலின் கடைசிக் காற்றறைவரை போய்விடுகிறது. அங்கே தூசியை விழுங்கித் துப்புரவு செய்யும் செல்கள் இதை விழுங்கியதும் தாங்களே மடிகின்றன. வெளிப்பட்ட துகளை இன்னொரு செல் விழுங்குகிறது, அதுவும் மடிகிறது. இப்படியே நுரையீரல் தழும்பேறிக் கெட்டியாகிறது. வேலையை விட்டபிறகும் நோய் வளரும். அதோடு, இந்த நுரையீரலில் காசநோய்க் கிருமி குடியேறுவதும் எளிது. பின்னால் சொல்லப்போகும் ஒரு மறுப்புக்கு விடை சொல்ல இந்தக் கடைசிச் செய்தி தேவைப்படும், மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு நூற்றாண்டுக்கும் மேல் பின்னோக்கிப் போய், சாக்சனியில் வாழ்ந்த அக்ரிகோலாவையும் கேட்க வேண்டும். உலோகங்களையும் சுரங்கங்களையும் பற்றிய அவருடைய பெருநூல் 1556-இல் வெளிவந்தது. கார்பாத்திய மலைச் சுரங்கங்களில் ஒரே பெண் ஏழு கணவர்களை மணந்த கதைகள் உண்டு, அந்த ஏழு பேரையும் நுரையீரலைத் தின்னும் தூசி நோய் கொண்டுபோயிற்று என்று அதில் அவர் எழுதுகிறார். இதைப் படிக்கிற பலரும் பரிதாபத்துக்குரிய ஒரு செய்தியாகப் படித்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். எனக்கு இது ஒரு ஆராய்ச்சி முறையாகப் படுகிறது. நுண்ணோக்கியும் எக்ஸ்ரேயும் இல்லாத காலத்தில், உடலைத் திறந்துபார்க்க வழியில்லாத இடத்தில், தொழிலின் ஆபத்தை அளக்க அக்ரிகோலாவுக்குக் கிடைத்த அளவுகோல் ஒரு பெண்ணின் திருமணங்கள். நோய் ஆணின் மார்புக்குள் இருந்தது. அது வெளியே எண்ணக்கூடியதாகத் தெரிந்தது அவளுடைய வாழ்க்கையில். ஸ்வீடன் பதிவேடுகள் அந்த அளவுகோலை நமக்கு வரிசைவரிசையாகக் கொடுக்கின்றன. அதை எடுத்துப் பயன்படுத்துவோர்தான் குறைவு.

சரி, நேரே அந்த ஆணின் வரியைப் படித்தால் ஏன் தெரியாது? முதல் காரணம், அவருடைய தொழில் அங்கே எழுதப்பட்டிருக்காது. நிலம் வைத்திருப்பவர் ஏட்டில் விவசாயி. வரி கட்டுவதும் பங்கின் கூட்டத்தில் உட்காருவதும் நிலத்தைப் பொறுத்தது, ஆகவே நிலம்தான் அவருடைய அடையாளம். தாலர்னாவில் நிலத்தைப் பிள்ளைகளுக்கிடையே பங்கிட்டுப் பங்கிட்டு, ஒரு குடும்பத்தின் பங்கு பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. அந்த நிலத்தை மட்டும் நம்பி யாரும் பிழைக்க முடியாது. ஊருக்கு ஒரு கைத்தொழில் என்று பழகிக்கொண்டார்கள். மூராக்காரர்கள் கடிகாரம் செய்தார்கள், வோம்ஹூஸ் பெண்கள் கூந்தல் முடியில் ஆபரணம் பின்னி ஊர் ஊராக விற்றார்கள், ஓர்சாக்காரர்கள் கல் வெட்டினார்கள். ஏட்டைப் பொறுத்தவரை இவர்கள் எல்லோரும் விவசாயிகள். இரண்டாவது காரணம், மரணத்துக்கான காரணம். 1749 முதல் ஸ்வீடன் அரசு நாடெங்கிலுமிருந்து மக்கள்தொகை அட்டவணைகளைத் திரட்டியது. ஒரு நாடு முழுமைக்கும் இப்படித் தொடர்ந்து திரட்டியது உலகிலேயே முதல் முறை. போதகருக்கு அச்சிட்ட படிவம் வந்தது, அதில் நோய்களின் பட்டியல் ஏற்கெனவே இருந்தது. மூச்சு முட்டி, இருமி, மெலிந்து செத்தவரை அவர் நுரையீரல் உருக்கி நோய் என்ற தலைப்பில் சேர்த்தார். அவர்மேல் பிழை சொல்ல முடியாது. படிவத்தில் கல்தூசிக்கு இடமில்லை. இறப்பு ஒரு அட்டவணையிலும் மக்களின் தொழில், நிலை வேறொரு அட்டவணையிலும் தொகுக்கப்பட்டதால், இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் தலைநகரத்திலும் இல்லாமல் போயிற்று. வான் ஆராய்ச்சியாளர் பேர் வார்யெந்தின் அந்த அட்டவணைகளிலிருந்து 1766-இல் வயதுவாரியாக இறப்பு விகிதங்களைக் கணக்கிட்டு உலகையே வியக்கவைத்தார். அத்தனை கூர்மையான கணக்கிலும் சாணைக்கல் தெரியவில்லை.

மூன்றாவது காரணம்தான் எனக்கு மிகக் கனமானதாகப் படுகிறது. ஃபாலுனில் ஒரு நிறுவனம் இருந்தது. அதன் பங்குப் பத்திரம் ஒன்று 1288-ஆம் ஆண்டிலிருந்து கிடைத்திருக்கிறது. ஆளைக் கூலிக்கு வைப்பவன் ஆளைக் கணக்கில் வைப்பான். காயம்பட்டால் வேலை நிற்கும், வேலை நின்றால் அதை ஒரு கணக்கர் எங்காவது எழுதுவார். ஓர்சாவின் கல்வெட்டிக்கு முதலாளி கிடையாது. அவர் தன் கல்லைத் தானே வெட்டி, பனிக்காலத்தில் சறுக்குவண்டியில் ஏற்றி விற்றார். அவர் இருமத் தொடங்கினால் யாருக்கும் நட்டம் இல்லை, அவருடைய குடும்பத்தைத் தவிர. தொழில்சார் நோய்களுக்குக் காப்பீடு தரும் சட்டம் ஸ்வீடனில் 1929-இல்தான் வந்தது. அதற்கு முன்னால், ஒரு மரணத்துக்குத் தொழில் காரணமா என்று கேட்கும் கடமையோ, கேட்டால் கிடைக்கும் பயனோ எந்த அலுவலகத்துக்கும் இல்லை. யாரும் பொறுப்பேற்க வேண்டியில்லாத மரணத்தை யாரும் பதிந்துவைக்கவில்லை. ஆகவே இன்று ஒரு சந்ததியார் தன் முன்னோரின் வரியில் விவசாயி என்றும் நுரையீரல் உருக்கி என்றும் படித்து, அக்காலத்தில் எல்லோருக்கும் வந்த நோய்தானே என்று அடுத்த தலைமுறைக்கு ஏறிவிடும்போது, அந்தப் பழைய பொறுப்பின்மை அவர் கையாலேயே இன்னொரு முறை உறுதியாகிவிடுகிறது.

இப்போது அவருடைய மனைவியின் வரிக்கு வருவோம். நான் சொல்லப்போவது எந்தக் குறிப்பிட்ட குடும்பத்தின் கதையும் அல்ல, கல்வெட்டும் ஊர் ஒன்றின் பக்கத்தை எப்படிப் படிப்பது என்பதற்கான விளக்கம் மட்டுமே. குடும்பத் தலைவரின் பெயர் மேல் கோடு விழுகிறது. வயது முப்பத்தைந்தோ நாற்பதோ. மனைவியின் பெயருக்கு அருகே விதவை என்று ஒரு சொல் ஏறுகிறது. 1734-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதவை மறுமணத்துக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பக்கத்தின் காலி வரியில் ஒரு புதிய ஆணின் பெயர் வருகிறது. இங்கேதான் தாலர்னாவுக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. மற்ற இடங்களில் தந்தை ஆண்டெஷ் என்றால் மகன் ஆண்டெஷ்ஷோன், மகள் ஆண்டெஷ்டோட்டர் என்பதோடு சரி. தாலர்னாவில் இதற்கு முன்னால் பண்ணையின் பெயரும் ஒட்டிக்கொள்ளும், அது இரத்தத்தோடு போகாமல் பண்ணையோடு போகும். மனைவியின் பண்ணைக்குக் குடிவந்த ஆண் அந்தப் பண்ணையின் பெயரை ஏற்றுக்கொள்வார். ஆகவே இரண்டாவது கணவரும் முதலாமவரைப் போலவே அதே பண்ணைப் பெயரோடு நிற்பார். அவசரமாகப் படிக்கிறவர் இருவரையும் அண்ணன் தம்பி என்று நினைப்பார், இன்னும் அவசரமாகப் படிக்கிறவர் ஒரே ஆள் என்றே முடிவுகட்டுவார். அப்படி ஒருமுறை ஆகிவிட்டால் முப்பத்தெட்டு வயதில் செத்த மனிதர் மரபுக் கொடியில் அறுபதுவரை வாழ்ந்துவிடுகிறார், தொழில் கொன்றதற்கான ஒரே புறச்சான்றும் காணாமல் போகிறது. இதைத் தவிர்க்க ஒரே வழி, ஆணைத் தொடராமல் அந்தப் பண்ணையில் கடைசிவரை இருந்தவளைத் தொடர்வது. அவளுடைய ஒரு வரியை அடுத்தடுத்த ஏடுகளில் பிடித்துக்கொண்டே போனால், எத்தனை கணவர்கள், ஒவ்வொருவரும் எந்த வயதில் வந்து எந்த வயதில் போனார்கள், எந்தப் பிள்ளை யாருடையது என்பது தெளிவாகும். இதையே அதே ஊரின் பத்து இருபது பண்ணைகளுக்கும் செய்ய வேண்டும். வேலை அதிகம்தான். ஆனால் ஏடு ஊர் ஊராகவே எழுதப்பட்டிருப்பதால், பக்கத்துப் பண்ணை பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கும்.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் வலுவானது, அக்காலத்தில் காசநோய் எங்கும் இருந்ததே என்பது. உண்மைதான். ராபர்ட் கோக் 1882-இல் அந்தக் கிருமியைக் கண்டுபிடிக்கும்வரை காசநோயையும் கல்தூசி நோயையும் பிரித்துச் சொல்ல மருத்துவர்களுக்கே உறுதியான வழி இல்லை, போதகர் எப்படிப் பிரிப்பார்? ஆகவே ஓர்சாவில் ஒருவர் நுரையீரல் உருக்கியால் இறந்தார் என்பதை மட்டும் வைத்துக்கொண்டு சாணைக்கல்லைக் குற்றஞ்சாட்ட முடியாது. நானும் அதை வைத்துக் குற்றஞ்சாட்டவில்லை. காசநோய்க் கிருமி, ஒரே அறையில் நீண்ட குளிர்காலம் முழுவதும் சேர்ந்து படுத்திருக்கும் கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் பிரித்துப்பார்க்காது. கல்தூசி பிரித்துப்பார்க்கும்: கொத்துகிறவன் மார்புக்குத்தான் அது முதலில் போகும். ஒரு ஊரில் நடுவயது ஆண்களும் பெண்களும் ஏறக்குறைய ஒரே அளவில் இந்த நோயால் இறந்திருந்தால் காசநோயே போதிய விளக்கம். ஆண்கள் மட்டும் கொத்துக்கொத்தாகப் போய், மனைவிகள் முதுமைவரை இருந்தால் அந்த விளக்கம் போதாது. அடுத்து, மூராவையும் வோம்ஹூஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதே குளிர், அதே சிறிய நிலம், கிட்டத்தட்ட அதே உணவு, வேறு கைத்தொழில். இயற்கையே அமைத்துக்கொடுத்த ஒப்பீடு இது. கல்லில்லாத பங்குகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான இடைவெளி சிறிதாகவும், கல்வெட்டும் ஊர்களில் பெரிதாகவும் இருந்தால், அந்தக் கூடுதல் இடைவெளிக்குக் கல்தான் பொறுப்பு. இன்னொன்று, முன்பு மனத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, சிலிகா புகுந்த நுரையீரலில் காசநோய் எளிதாகத் தங்கும் என்று. அப்படியானால் கிருமி கொன்றதா தூசி கொன்றதா என்ற கேள்வியே பல நேரங்களில் பொருந்தாது. தூசி கதவைத் திறந்தது, கிருமி உள்ளே வந்தது.

போரும் பஞ்சமும் ஆண்களைக் கொண்டுபோயிருக்கலாமே என்ற மறுப்பு எளிதில் சரிபார்க்கக்கூடியது. ஸ்வீடனில் படைவீரர்களைப் பண்ணைகள் சேர்ந்து பராமரிக்கும் முறை இருந்தது. தாலர்னா படைப்பிரிவின் பெயர்ப்பட்டியல்கள் தனியே இருக்கின்றன, வீரனுக்குத் தனிப் பெயரே கொடுப்பார்கள். களத்தில் இறந்தவர் அங்கே தெரிவார், நம் கணக்கிலிருந்து அவரை எடுத்துவிடலாம். பஞ்சமோ 1770-களின் தொடக்கத்திலும் 1867–68-லும் வந்ததுபோல, சில ஆண்டுகளுக்குள் திடீரென்று ஏறி இறங்கும், முதலில் குழந்தைகளையும் முதியோரையும் கொண்டுபோகும். ஆண்டாண்டுகளாக ஒரே சீராக நடுவயது ஆண்களை மட்டும் பஞ்சம் தேர்ந்தெடுக்காது.

இவற்றைவிட மனத்தைத் தொடும் மறுப்பு ஒன்று உண்டு. என் முன்னோரைத் தேடி வந்தேன், நீங்களோ எனக்கு ஒரு ஊரின் சராசரியைக் கொடுக்கிறீர்கள். சராசரியைக் கும்பிட முடியுமா என்று ஒருவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது. ஊரைப் பற்றிய உண்மை, ஊரில் ஒருவரைப் பற்றிய உண்மையாகத் தானாக ஆகிவிடாது. கல்வெட்டும் ஊரில் பிறந்தும் உளியைத் தொடாதவர்கள் இருந்திருப்பார்கள். கல்வெட்டியும் எழுபதுவரை வாழ்ந்தவர்களும் இருந்திருக்கலாம். எனவே ஊரின் கணக்கிலிருந்து தனி ஆளுக்கு இறங்க ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலம் பல நேரங்களில் இருக்கிறது. இறந்தவரின் சொத்துப் பட்டியல்தான் அது. 1734-ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவர் இறந்ததும் அவருடைய உடைமைகள் அனைத்தையும் எழுதி மதிப்பிட்டு நீதிமன்றத்தில் கொடுக்கச் சொன்னது. செம்புப் பாத்திரம், போர்வை, ஆடு, பால் வாளி என்று எல்லாம் வரும் அந்தப் பட்டியலில் கருவிகளும் வரும். மண்வெட்டியும் கோடரியும் எந்த வீட்டிலும் இருக்கும். கல் பிளக்கும் ஆப்புகளும், கொத்து உளிகளும், விற்காமல் மிஞ்சிய சாணைக்கற்களும் இருந்தால் போதகரின் ஏடு மறைத்த தொழிலை அந்தப் பட்டியல் சொல்லிவிடும். கடன் பகுதியையும் பார்க்க வேண்டும். இறந்தவருக்குத் தூரத்து ஊர்க்காரர்கள் பணம் தரவேண்டியிருந்தால், அவர் எதையோ கொண்டுபோய் விற்றிருக்கிறார். மிக ஏழைகளுக்கு இந்தப் பட்டியல் எழுதப்படாமலே போனதுண்டு, அவர்கள் விஷயத்தில் ஊரின் கணக்கோடு நின்றுவிட வேண்டியதுதான். நின்றுவிட்ட இடத்தையும் நேர்மையாக எழுதிவைக்கலாம்: கல்வெட்டும் ஊரில் வாழ்ந்தார், அவ்வூர் ஆண்களில் பலரைப் போல நடுவயதில் மார்பு நோயால் இறந்தார், கருவிகளுக்குச் சான்று கிடைக்கவில்லை. கடிதமும் படமும் விட்டுச்செல்லாத மனிதரைப் பற்றி இந்த மூன்று வரிகள், வெறும் இரண்டு தேதிகளைவிட எவ்வளவோ அதிகம் சொல்கின்றன.

தெரிந்தே செய்தார்கள், அவர்கள் தெரிவு அது, நாம் ஏன் அதைக் கொடுமையாக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. ஊருக்குள் பார்வையாளராக வந்து போன லின்னேயஸ் கண்டதை, அங்கேயே பிறந்து வளர்ந்து அப்பாவையும் சித்தப்பாவையும் புதைத்தவர்கள் காணாமலா இருந்திருப்பார்கள்? தெரிந்திருக்கும் என்றே நானும் கருதுகிறேன். ஆனால் துண்டுபட்ட நிலம், குறுகிய கோடை, வீட்டில் பசித்த வாய்கள், காலடியில் விலைபோகும் கல் என்ற நான்குக்கும் நடுவே நிற்பவருக்குத் தெரிந்திருப்பதால் என்ன வழி பிறந்துவிடும்? கைத்தொழில் ஊருக்கு ஊர் பிரிந்து கிடந்தது, மூராவின் கடிகாரத்தை ஓர்சாவின் மகன் நினைத்தவுடன் கற்றுக்கொண்டுவிட முடியாது. இரண்டாவது கணவராக அந்தப் பண்ணைக்கு வந்தவரும் முதலாமவர் எப்படிப் போனார் என்று அறிந்தேதான் வந்தார், அவர் விட்டுப்போன உளியையே கையில் எடுத்தார். இதை வீரம் என்று நான் புகழவும் மாட்டேன், அறியாமை என்று தள்ளவும் மாட்டேன். அந்த மரணங்களுக்கு ஒரு காரணம் இருந்தது, அந்தக் காரணம் தொழிலில் இருந்தது என்பதை வம்ச வரலாறு எழுதுகிறவர் விடாமல் எழுத வேண்டும் என்பதே என் கோரிக்கை. அந்தத் தொழிலின் விலையைக் கட்டியவர்களில் முதல் வரிசையில் நின்ற பெண்களையும், பெயருக்கு ஒரு மனைவி என்று எழுதாமல், கொடியின் நடுவில் வைக்க வேண்டும்.

என் வாதம் தவறாகவும் இருக்கலாம், அதைச் சோதிக்க வழியும் இருக்கிறது. அமெரிக்காவில் எட்வர்ட் அச்செசன் 1893-இல் கார்போரண்டம் என்னும் செயற்கை உராய்பொருளுக்குக் காப்புரிமை பெற்றார். அந்த வகைத் தொழிற்சாலைச் சாணைகள் பரவப் பரவ இயற்கைக் கல்லுக்கான தேவை எங்கும் குறைந்தது. ஸ்வீடனில் 1895 முதல் பழைய தேர்வு ஏடுகளின் இடத்தைப் பங்குப் பதிவேடுகள் எடுத்துக்கொண்டன, ஆகவே தொடர்ச்சி அறவில்லை. கல்தான் அந்த ஆண்களைக் கொன்றது என்றால், கல் வெட்டும் தொழில் ஓய்ந்ததற்குப் பிறகு ஒரு தலைமுறைக்குள் ஓர்சாவின் கணவர்களும் மனைவிகளும் இறக்கும் வயது ஒன்றையொன்று நெருங்கிவர வேண்டும். மூராவிலும் வோம்ஹூஸிலும் அப்படி ஒரு மாற்றம் தெரியக்கூடாது. காசநோயும் அதே காலத்தில் நாடெங்கும் குறைந்துவந்ததால், மொத்த இறப்பைப் பார்க்காமல் ஆண் பெண் இடைவெளியை மட்டுமே மூன்று பங்குகளிலும் அளக்க வேண்டும். ஏடுகள் மூன்று பங்குக்கும் இருக்கின்றன. ஓர்சாவில் தன் குடும்பத்தைத் தேடும் ஒருவர், தன் முன்னோரின் பெயரைக் கண்ட அதே ஏட்டில், அந்தப் பக்கத்திலிருந்தே இந்தக் கணக்கைத் தொடங்கலாம்.